பெரட்டுக் களத்திலிருந்து பரீட்சை மண்டபம் வரை: மலையகக் கல்விக்காகக் குரல் கொடுத்தோர்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை எட்டும் இவ்வேளையில், பாடசாலையின் அதிபர்கள், ஆசிரியர்கள், கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள் பற்றி மூத்த சகோதரிகள் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். எங்கள் வகுப்பினரிடம் மலர்க் குழு ஒரு கட்டுரை கேட்டபோது நாங்கள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். தோட்டத்துப் பிள்ளையொன்று இந்த வாசலுக்குள் வெள்ளைச் சீருடையோடு வருவதற்கு யார் யார் போராடினார்கள்?

காலைக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். பதுளை பஜார் கடைக்காரரின் மகளும், ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளையும், பசறை, மடுல்சீமை, ஹாலி-எல பக்கத்து லயங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவளும் ஒன்றாகவே தேவாரம் பாடினோம். சீருடை வேறுபாட்டை மறைத்தது, அது நல்லதுதான். ஆனால் அந்த வரிசையில் நிற்பதற்கு எங்களுள் சிலரின் குடும்பங்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதையும் அது சேர்த்தே மறைத்துவிட்டது. அந்தத் தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

சட்டம் வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை

தோட்டங்களில் எழுத்தறிவித்தலைத் தொடங்கியோரில் கிறிஸ்தவ மிஷனரிமார் முக்கியமானவர்கள். 1854இல் தொடங்கப்பட்ட 'தமிழ் கூலி மிஷன்' தோட்டம் தோட்டமாகச் சென்று சிறு பள்ளிக்கூடங்களை நடத்தியது. அரசாங்கம் இதில் கடமை உண்டென்று ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்வதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத் துரையின் பொறுப்பு என்றது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை இறுக்கமாக்கி, அந்த வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு எடுப்பதைத் தடைசெய்தது.

இந்தப் பத்து மணி விதியைச் சற்று நிறுத்தி வாசித்துப் பார்க்க வேண்டும். சட்டம் பிள்ளையை வேலையிலிருந்து விடுவிக்கவில்லை. காலையில் சில மணி நேரத்தை மட்டுமே பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. பத்து வயது முடிந்ததும் அந்தச் சில மணி நேரமும் இல்லை. செக்ரோலில் பேர் பதிந்து, பெரட்டுக் களத்தில் நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட வேண்டியதுதான். பெண் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை காத்திருந்தது.

தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. ஒரு மூலையில் அரிவரி, மறுமூலையில் வாய்ப்பாடு. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர் துரை. வேலையை விட்டு நீக்கக்கூடியவரும் துரையே. கடிதம் எழுதத் தெரிந்த, சட்டம் வாசிக்கத் தெரிந்த தொழிலாளியின் பிள்ளையை நிர்வாகம் விரும்பவில்லை என்பதை எமது பாட்டிமார் தெளிவாகவே அறிந்திருந்தனர். "படிச்சா மலைக்கு யாரு போறது?" என்ற கேள்வியை அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவர்கள்.

இலவசக் கல்வியின் வேலிக்கு வெளியே

இலவசக் கல்வியின் தந்தை என்று சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். 1943இல் அவரது தலைமையிலான விசேட குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரும் கதவைத் திறந்தது. எங்களுள் வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனவர்கள் அனைவரும் அதன் பயனாளிகளே. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தத் திட்டத்தின் வேலிக்கு வெளியே விடப்பட்டன என்பதைப் பாடப்புத்தகம் எங்களுக்குச் சொல்லவில்லை.

1947இல் இவற்றை அரச பொறுப்பில் கொண்டுவருவதற்கான சட்டத் திருத்தம் வந்தது. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அடுத்த தேர்தலில் அந்த ஏழும் இல்லை. வாக்கு இல்லாதவரின் பள்ளிக்கூடத்துக்காகப் பாராளுமன்றத்தில் யார் பேசுவார்? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைக்கு, தான் எந்த நாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பதே நிச்சயமில்லை. ஊவாவிலிருந்து ரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்ற குடும்பங்களோடு எத்தனையோ வகுப்புத் தோழிகள் போனார்கள். அவர்களுள் இம்மலரை நீலகிரியிலோ திருச்சியிலோ இருந்து வாசிப்பவர் எவரேனும் இருந்தால், உங்களுக்கு எங்கள் அன்பான வணக்கம்.

ஆசிரியர்களே முதல் தலைவர்கள்

மாணவர் போராட்டம் என்றதும் பல்கலைக்கழக வளாகங்களே நினைவுக்கு வரும். 1976 நவம்பர் 12ஆம் திகதி பேராதனையில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் வீரசூரியவின் பெயரை இன்றும் மாணவர் இயக்கங்கள் நினைவுகூருகின்றன. 1981இல் வெளிவந்த கல்வி வெள்ளை அறிக்கைக்கு எதிராகவும், எண்பதுகளில் வட கொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராகவும் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். எங்களுள் மருத்துவபீடம் சென்றோர் அந்த வரலாற்றை மூத்த மாணவர்களிடம் கேட்டே வளர்ந்தோம். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பிரச்சினையில் 2017இல் மருத்துவபீட மாணவர்கள் மாதக்கணக்கில் வகுப்புகளைப் பகிஷ்கரித்ததை இளைய சகோதரிகள் நேரில் கண்டனர்.

ஆனால் இலவசக் கல்வியைக் காப்பாற்றுவதற்கு முதலில் அது கையில் கிடைத்திருக்க வேண்டும். எண்பதுகள் வரையும் பல்கலைக்கழக வாசலை எட்டிய மலையகப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆகவே எங்கள் மாணவர் தலைவர்களை வளாகத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். தோட்டப் பாடசாலை வாசலிலும், நகரப் பாடசாலை விடுதியிலும், வாலிபர் சங்கக் கூட்டத்திலும்தான் தேட வேண்டும்.

ஊவாவுக்கு எதிர்ப்புப் பாரம்பரியம் புதிதல்ல. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிவுசெய்து துரையோடு சரிசமமாகப் பேசினர். எழுத்தறியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் செய்த காரியம் அது. அதே தலைமுறையில்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வேட்கையும் வேர்விட்டது. நியாயமான சம்பளம் கேட்கத் துணிந்தவர்கள் பள்ளிக்கூடம் கேட்கவும் துணிந்தார்கள்.

அறுபதுகளில் அந்த வேட்கைக்கு ஓர் உருவம் கிடைத்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்து, பின்னர் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம், அவரோடு அங்கே கற்பித்த எஸ். திருச்செந்தூரன் ஆகியோர் வகுப்பறைக்கு வெளியிலும் மாணவர்களைத் திரட்டினர். பட்டிமன்றம், நாடகம், வாலிபர் சங்கம் என்று தொடங்கிய அந்த எழுச்சி, 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லின் இடத்தில் 'மலையகத்தான்' என்ற பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுத்தது. ஹைலன்ஸில் படித்தவர்கள் ஆசிரியர்களாகி மலைநாடெங்கும் சென்றனர். பாடசாலைகளைத் தேசியக் கல்வியமைப்பில் சேர்க்க வேண்டும், மலையக இளைஞர்களுக்கு ஆசிரிய நியமனம் வேண்டும் என்ற கோரிக்கைகள் அந்தத் தலைமுறையின் நாவில்தான் கூர்மை பெற்றன.

எமது ஊவாவின் பங்கைச் சொல்ல ஒரு பெயர் போதும். தெளிவத்தை ஜோசப் 1934இல் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். மகன் பதுளை புனித பீட்ஸ் கல்லூரியில் படித்து, தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். லயத்து வாழ்க்கையைச் சிறுகதைகளிலும் நாவலிலும் பதிவு செய்த அவருக்கு 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. 2022இல் காலமானார். ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து என்ன வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வேறு தேசத்துப் பிள்ளைகள்

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளிலும் பிள்ளைகள் எழுந்து நின்றனர். 1951 ஏப்ரல் 23ஆம் திகதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபாம்வில் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்பள்ளியில் பாபரா ஜோன்ஸ் என்ற பதினாறு வயது மாணவி சக மாணவர்களை மண்டபத்தில் கூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. மேலதிக வகுப்புகள் தார்த்தாள் ஒட்டிய கொட்டில்களில் நடந்தன. நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் வெளிநடப்புச் செய்தனர். அவர்களது வழக்கு, 1954இல் பாடசாலைகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளுள் ஒன்று. தீர்ப்பை ஏற்க மறுத்த அந்த மாவட்ட நிர்வாகம் 1959 முதல் 1964 வரை பொதுப் பாடசாலைகளையே மூடி வைத்தது. பாபரா ஜோன்ஸ் பின்னாளில் நூலகராகப் பணிபுரிந்தார். 1976 ஜூன் 16ஆம் திகதி தென்னாபிரிக்காவின் சொவெட்டோவில், ஆபிரிக்கான்ஸ் மொழியில் படிக்குமாறு கட்டாயப்படுத்தியதை எதிர்த்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். அவர்களைத் துப்பாக்கி எதிர்கொண்டது.

தார்த்தாள் கொட்டிலைப் பற்றி வாசித்தபோது எங்களுக்குத் தகரக் கூரைக்குக் கீழ் மழைச் சத்தத்தில் ஆசிரியரின் குரல் கேட்காமல் போன தோட்டப் பாடசாலைகள் நினைவுக்கு வந்தன. வெற்றி கிடைத்த பின்னும் கதவு உடனே திறக்காது என்பதும் பொதுவான அனுபவமே.

கதவு திறந்த காலம்

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரைமாரின் கம்பனிகள் போன பிறகு தோட்டப் பாடசாலைகளைத் தனியாக வைத்திருக்கக் காரணம் இருக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்ணினால் எழுபது ஆண்டுகள்.

கையேற்ற பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை, தளபாடம் இல்லை, பலவற்றுக்குக் காணியும் இல்லை. இடையில் 1983 ஜூலை வந்தது. 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்ததைப் பெரியோர் எங்களிடம் மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். அதன் பின்னும் பிள்ளைகளை மீண்டும் நகரப் பாடசாலைக்கு அனுப்பிய தாய்மாரைப் போராளிகள் என்று எவரும் எழுதவில்லை, நாங்கள் எழுதுகிறோம்.

எண்பதுகளில் மலையக இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாக நியமனம் பெறத் தொடங்கினர். 1986 முதல் சுவீடன் நாட்டின் உதவியோடு தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் நடைபெற்றது; கட்டடங்களும் பயிற்சியும் கிடைத்தன. தொண்ணூறுகளில் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்வு தந்தன. இவை எதுவும் தானாகக் கனிந்து விழுந்த பழமல்ல. மகஜர்களும், கூட்டங்களும், தொழிற்சங்கப் பேரங்களும், பாராளுமன்ற உரைகளும் ஆண்டுக்கணக்கில் உலுக்கிய மரத்திலிருந்து விழுந்தவை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாங்கள் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இருந்தோம். ஒன்பது பேர். இரசாயனவியல் ஆசிரியர் மாற்றலாகிச் சென்று ஒரு தவணை முழுவதும் எவரும் வரவில்லை. வசதியுள்ளோர் டியூஷனுக்குப் போனோம். போக முடியாத ஒருத்தி லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவள். அவள்தான் அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து மகஜர் எழுதினாள். எங்கள் ஒன்பது கையெழுத்தும் போதாதென்று பெற்றோரிடமும் வாங்கச் சொன்னாள்.

கல்வி அலுவலகமொன்றுக்கு நாங்கள் சென்ற அன்று அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். "அரைப்பேர்தான் போடுவாங்க, போட்டுட்டுப் போகட்டும்" என்றார். அரை நாட் சம்பளத்தை விட்டுவிட்டு, படங்கைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்த அந்த அம்மா, இரண்டரை மணி நேரம் வாசலில் எங்களோடு நின்றார். உள்ளே இருந்தவர் வெளியே வந்து, "பொம்பளப் பிள்ளைகள் இப்படி ரோட்டில நிக்கலாமா?" என்று கேட்டார். எங்கள் தோழி, "டீச்சர் வந்தா வகுப்பில நிப்போம் சேர்" என்றாள். வேறு வீர வசனம் எதுவும் நடக்கவில்லை. ஏழு வாரம் கழித்து ஓர் ஆசிரியை வந்தார்.

எங்களுள் மூவர் மருத்துவபீடம் சென்றோம். அவள் சில புள்ளிகளால் தவறவிட்டாள். இரண்டாம் முறை எழுத வீட்டில் வழியில்லை. கல்வியியற் கல்லூரிக்குச் சென்று, இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கிறாள். இக்கட்டுரையில் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். "பேர் வேணாம், புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பழைய பேப்பர் அனுப்புங்க" என்றாள். அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வாங்கித் தந்த ஆசிரியையிடம் படித்துத்தான் நாங்கள் வைத்தியர்களானோம். அவள் இழந்த ஒரு தவணையை நாங்கள் டியூஷனில் ஈடுசெய்தோம், அவளால் முடியவில்லை.

முடியாத கணக்கு

பல்கலைக்கழக அனுமதியில் பதுளை மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுவது நாமறிந்ததே. இந்த முறையால் நாங்கள் பயன் பெற்றோம். ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கே அன்றி மாவட்டத்துக்குள் பின்தங்கியவர்களுக்கு அல்ல. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையும், விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வைத்தியர்களாக எங்களுக்கு இது வெறும் அனுமதிக் கணக்கு அல்ல. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். கிளினிக்கில் நிறை அட்டையை வாசித்து, "மிஸ்ஸி, போன மாசத்தைவிடக் கோடு கீழ போயிருக்கே" என்று தானே கேட்கும் தாயையும், அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் தாயையும் நாங்கள் ஒரே காலையில் காண்கிறோம். முன்னவளின் பிள்ளை பெரும்பாலும் விரைவில் தேறுகிறது. பத்து வயதில் நிறுத்தப்பட்ட படிப்பின் விலையை இரண்டு தலைமுறை கழித்தும் ஒரு குழந்தையின் உடல் செலுத்துகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். இடம்பெயர்ந்தோருக்கு முதலில் கூரையானதும் பாடசாலைகளே. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று எவராவது கேட்டால், இதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள்

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையில் எங்கள் பழைய மாணவியரும் சிலர் இருந்தனர். பெரிய வரலாற்றை அவ்வாறு நினைவுகூர்ந்தோம். சிறிய வரலாறு இன்னும் எங்கள் வீடுகளில், தகரப் பெட்டிகளில், பெரியம்மாக்களின் ஞாபகத்தில் கிடக்கிறது.

ஆகவே டொரொண்டோ, இலண்டன், சென்னை, சிட்னி, கொழும்பு, பண்டாரவளை என எங்கிருந்தாலும் மூன்று காரியங்களைச் செய்யும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் சென்ற பெண் யார், எந்தத் தோட்டம், எத்தனையாம் வகுப்பு வரை என்பதை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது, உங்கள் காலத்தில் ஆசிரியருக்காக, பஸ்ஸுக்காக, கட்டடத்துக்காக முன்னின்ற தோழி யார் என்பதை அவர் அனுமதியோடு எழுதுங்கள். மூன்றாவது, உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கும் இரண்டாம் முறை பரீட்சைக்கும் சங்கம் ஒரு நிதியை ஆரம்பிக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் நாங்கள் பிரேரிக்கவிருக்கிறோம். அதை வழிமொழிய வாருங்கள்.

இரண்டாம் முறை என்பதை அழுத்திச் சொல்கிறோம். எங்கள் தோழிக்குக் கிடைக்காதது அதுதான்.